எந்த வயதில் தண்ணீரில் இறக்குவது? குழந்தை நீச்சல் பற்றிய சான்றுகளும் சந்தேகங்களும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நான்கு வயது நிறையும்வரை பெரும்பாலான குழந்தைகள் முறையான நீச்சல் பயிற்சிக்குத் தேவையான வளர்ச்சியை அடைந்திருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். 2010-இல் அதே கழகம் பிடியைச் சற்றுத் தளர்த்தி, ஒன்று முதல் நான்கு வயதுக்குள் உள்ள சிலருக்குப் பயிற்சி உதவக்கூடும் என்றது. 2019-இல் பல குழந்தைகள் ஒரு வயதிலேயே தொடங்கலாம் என்று சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் குழந்தையின் உடல் மாறிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது?

மாறியது கேள்விதான். முன்பு மருத்துவர்கள் கேட்டது, ‘இந்த வயதுக் குழந்தைக்கு நீச்சல் வருமா?’ என்று. பின்பு கேட்டது, ‘பயிற்சி பெற்ற குழந்தை தண்ணீரில் மூழ்கிச் சாவது குறைகிறதா?’ என்று. பார்க்க ஒன்றுபோல் தோன்றும் இந்த இரண்டுக்கும் விடைகள் வேறு. வயதுக்கு வயது அந்த விடைகளும் மாறுகின்றன. பெற்றோரின் பேச்சிலும் நீச்சல் பள்ளிகளின் விளம்பரத்திலும் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதும், நீச்சல் குளம் வைத்த வீடுகளில் கிடைத்த முடிவைக் குளத்தங்கரை வீடுகளுக்கு அப்படியே பொருத்த முடியுமா என்று சோதிப்பதும் இக்கட்டுரையின் வேலை.

இதற்கு அவசரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்யும் நீரில் மூழ்கிய சாவுகள் அண்மை ஆண்டுகளில் 36 ஆயிரத்துக்குக் குறையவில்லை. காவல் நிலையம்வரை வந்து பதிவான சாவுகளின் கணக்கு மட்டுமே அது.

கைக்குழந்தை நீந்துமா?

குழந்தைகளின் உடலியக்க வளர்ச்சியை ஆராய்ந்த மிர்டில் மெக்ரா என்ற உளவியலாளர் 1939-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 42 குழந்தைகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து எழுதிய பதிவு அது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் குப்புற நீரில் விட்டால் கைகால்கள் ஓர் ஒழுங்கோடு அசைகின்றன. மூச்சு தானாக அடங்குகிறது. நான்கு மாத அளவில் அந்த ஒழுங்கு கலைகிறது. குழந்தை புரள்கிறது, திணறுகிறது, பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கை நீட்டுகிறது. நடை பழகும் பருவத்தை ஒட்டித்தான், தானே விரும்பிச் செய்யும் நீச்சல் அசைவு மெல்லத் தலைகாட்டுகிறது.

‘மனிதக் குழந்தை பிறக்கும்போதே நீந்தத் தெரிந்து பிறக்கிறது’ என்று இன்றும் சொல்கிறவர்கள் இந்த ஆய்வின் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அசைவில் மிக முக்கியமான ஒன்று இல்லை: மூச்சுக்காகத் தலையைத் தூக்கும் ஆற்றல். பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அந்தக் கனத்தை நீரிலிருந்து உயர்த்தும் வலு கழுத்துக்கு வந்திருக்காது. பயிற்சியின்போது விழுங்கிய நீரால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நீச்சல் வகுப்பு மூழ்கும் ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று 2019 அறிக்கையும் சொல்கிறது. தாயும் பிள்ளையும் தண்ணீரில் விளையாடுவது நல்ல விளையாட்டு. அதற்குமேல் அதற்குப் பெயர் சூட்டிக் கட்டணம் வாங்குவது வியாபாரம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பிரையன் பிளாங்ஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் செய்த வேலை இன்னும் பெற்றோர் காதுக்கு எட்டவில்லை. இரண்டு, மூன்று, நான்கு வயதில் தொடங்கிய பிள்ளைகளும் ஏறத்தாழ ஐந்தரை வயதில்தான் முன்நீச்சலின் அடிப்படையை எட்டினார்கள். ஐந்து வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு அதே இடத்துக்கு வரக் குறைந்த காலமே பிடித்தது. கையும் காலும் மூச்சும் ஒன்றோடொன்று இசைந்து வர வேண்டிய திறன் அது. நரம்பும் தசையும் முதிரும்வரை எத்தனை வகுப்புக்கு அனுப்பினாலும் வந்து சேராது. நீச்சல் ‘வருவது’ மட்டுமே குறி என்றால், 2000-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னதில் பெரிய பிழையில்லை.

88 என்ற எண்

பிறகு ஏன் கழகம் இறங்கிவந்தது? ரூத் பிரென்னரும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியக் காரணம். மூழ்கி இறந்த குழந்தைகளின் குடும்பத்தாரையும், அதே வயதும் அதே வட்டாரமும் கொண்ட உயிரோடிருக்கும் குழந்தைகளின் குடும்பத்தாரையும் பேட்டி கண்டு, முறையான நீச்சல் பயிற்சி பெற்றார்களா என்று ஒப்பிட்ட ஆய்வு அது. ஒன்று முதல் நான்கு வயதில் இறந்த 61 பேரில் பயிற்சி பெற்றிருந்தவர்கள் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 134 பேரில் 35 பேர். பிற காரணிகளைக் கழித்துக் கணக்கிட்டபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு ஆபத்து 88 சதவீதம் குறைவு என்று வந்தது. நீச்சல் பள்ளிகளின் சுவரொட்டிகளில் காணப்படும் எண் இதுதான்.

இந்த எண்ணை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படி வாசிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி பெறாதவர்களின் ஆபத்தை 100 என்று வைத்தால் பெற்றவர்களுக்கு 12 என்பது ஆய்வின் மதிப்பீடு. உண்மை மதிப்பு எங்கே இருக்கலாம் என்று ஆய்வாளர்களே தந்த எல்லை 1 முதல் 97 வரை. ஒரு முனையில் பயிற்சி ஏறக்குறைய முழுக் காப்பு. மறு முனையில் அநேகமாகப் பயனே இல்லை. இறந்தவர்களில் பயிற்சி பெற்றவர் இரண்டே பேர் என்பதால் வந்த அகலம் இது. ஐந்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களிடமும் பயிற்சி நன்மை செய்வதாகவே தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. பிள்ளையை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் குளத்துக்கு வேலி போடுவதிலும் கண்காணிப்பதிலும் பொதுவாகக் கவனமுள்ளவர்களாக இருப்பார்கள் என்பதையும் முழுவதுமாகக் கழித்துவிட முடியாது.

ஆய்வு உறுதியாகக் காட்டியது வேறொன்று. சிறு வயதில் பயிற்சி கொடுத்தால் பிள்ளைக்குத் துணிச்சல் வந்து, ஆபத்து கூடும் என்ற அச்சத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. கழகம் தடையை நீக்கியதற்கு அது போதும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வயதில் இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்ல அது போதாது. கழகமும் அப்படிச் சொல்லவில்லை.

துணிச்சல் பிள்ளைக்கு வராவிட்டாலும் பெற்றோருக்கு வருகிறது. கனடாவில் பார்பரா மோராஞ்செல்லோ குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்புகள் நடக்க நடக்க, தங்கள் சிறு பிள்ளை தண்ணீரில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் வளர்ந்தது. அருகில் நின்று பார்த்துக்கொள்ளும் தேவை குறைவு என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. மூன்று வயதில் கற்ற நீச்சலின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொண்டது பிள்ளை, கண்ணை எடுப்பது பெரியவர். மூழ்கும் சிறு குழந்தை சினிமாவில்போல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது கூவ முடியாது. ஒரு நிமிடத்துக்குள், அடுத்த அறைக்குக் கேட்காமல், எல்லாம் முடிந்துவிடும்.

குளத்தில் ஒரு மூங்கில் மேடை

இதுவரை சொன்ன ஆய்வுகள் வீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளமும், கட்டணம் கட்ட வசதியும் உள்ள நாடுகளில் நடந்தவை. மூழ்கிச் சாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். அந்தப் பெரும்பான்மைக்குப் பொருந்தும் சான்று வங்கதேசத்திலிருந்து வந்தது.

2003-இல் அங்கே 1,71,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. தொற்றுநோய்களைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த பொதுச் சுகாதாரத் துறைக்கு அதன் முடிவு அதிர்ச்சி தந்தது. ஒரு வயது தாண்டிய குழந்தைகளை அதிகம் கொல்லும் தனிக் காரணங்களில் முன்னால் நின்றது தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 17 ஆயிரம் குழந்தைகள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் தடுப்பூசிகளும் வந்து மற்றச் சாவுகள் குறையக் குறைய, எப்போதும் இருந்த இந்தச் சாவு மேலே தெரிந்தது.

எங்கே, எப்போது என்று பார்த்தபோது படம் தெளிவானது. சிறு குழந்தைகள் மூழ்கியது ஆற்று வெள்ளத்தில் அல்ல. வீட்டைக் கட்ட மண் வெட்டிய பள்ளமே குளமாகிக் கிடக்கும் ஊர்கள் அவை. வீட்டிலிருந்து சில பத்து அடி தூரத்துக் குட்டையில், காலை ஒன்பதுக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் இடையில் பெரும்பாலான சாவுகள் நடந்திருந்தன. தகப்பன் வயலில், மூத்த பிள்ளைகள் பள்ளியில், தாய் அடுப்படியில் இருக்கும் நேரம். இதற்கு நீச்சல் வகுப்பு விடையாகாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நீச்சல் வராது என்று மேலே பார்த்தோம். வேண்டியது அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒரு காவல்.

வங்கதேசத்தின் காயத் தடுப்பு ஆய்வு மையமும் கூட்டாளிகளும் 2006 முதல் 2010 வரை ராய்கஞ்ச், ஷேர்பூர், மனோகர்தி ஆகிய மூன்று உபசிலாக்களில் (வட்டங்களில்) நடத்திய திட்டத்தின் அழகு, வயதைப் பார்த்து விடையை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘ஆஞ்சல்’ என்ற ஊர்க் காப்பகம். ஊர்ப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே, வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பது முதல் ஒருமணி வரை இருபது இருபத்தைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பாட்டும் விளையாட்டும் உண்டு. நான்கு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையானவர்களுக்கு நீச்சல்.

நீச்சல் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலை நட்டு, நீருக்கடியில் மூங்கில் தளம் அமைத்து, நாலு பக்கமும் அடைத்தார்கள். பிள்ளைகள் அதற்குள் நின்று, குறுக்குக் கம்பைப் பிடித்துக் காலடித்துப் பழகினார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பெண்களும். பாடம் 21 படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. முடிவில் தேர்வு: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 வினாடி மிதக்க வேண்டும், நீரில் இறங்காமல் கரையிலிருந்தே ஒருவரைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். எந்தப் பாணியில் நீந்தினாலும் சரி.

2012-இல் வெளியான முடிவுகளின்படி, சேராதவர்களின் மூழ்கிச் சாவு விகிதத்தை 100 என்று வைத்தால் காப்பகப் பிள்ளைகளிடம் அது 18, நீச்சல் கற்றவர்களிடம் 7. இங்கேயும் குறை சொல்ல இடமுண்டு. சீட்டுப் போட்டுக் குழுக்களைப் பிரித்த சோதனை அல்ல இது. அனுப்ப மனமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஒரு பக்கம் சேர்ந்திருக்கலாம். ஆனால் 61 சாவுகளை வைத்துச் செய்த கணக்குக்கும் பல்லாயிரம் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கணக்குக்கும் எடை வேறு. நீந்தத் தெரிந்ததும் பிள்ளைகள் எந்நேரமும் குளத்தில் கிடப்பார்களோ என்ற கேள்வியும் தனியாக ஆராயப்பட்டது. முறையாகக் கற்றவர்கள், தாமாகக் கற்றவர்களைவிட அதிகமாக நீரில் இறங்கியதாகத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டுதல் இந்தப் பிரிவினையையே பின்பற்றியது: பள்ளி வயதுக்கு முன் காப்பகம், ஆறு வயதிலிருந்து அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும். அதே ஆண்டு ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை மூழ்கிச் சாவதைத் தடுப்பது பற்றி முதன்முதலாகத் தீர்மானம் நிறைவேற்றியபோது, அதை முன்னெடுத்தவை வங்கதேசமும் அயர்லாந்தும். 2022-இல் வங்கதேச அரசு 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கும், ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட 3,60,000 பிள்ளைகளுக்கான நீச்சல் பயிற்சிக்கும் ஒப்புதல் தந்தது. பணக்கார நாடு ஒன்றைப் பார்த்து ஏழை நாடு கற்றுக்கொண்ட கதை அல்ல இது, திசை நேர்மாறு.

எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கச் சுந்தரவனத்திலும் நிலத்தின் அமைப்பு அதே. அங்கு நடந்த கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதில் லட்சத்துக்கு 243.8 என்ற மூழ்கிச் சாவு விகிதத்தைக் கண்டது. உலகில் எங்கும் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று.

கிணறு என்ற பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் உடனே வரும் பதில், ‘நாங்களெல்லாம் கிணத்துல தள்ளிவிட்டுத்தான் கத்துக்கிட்டோம்’ என்பது. அந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் உண்மையும் இருக்கிறது, மறதியும் இருக்கிறது.

உண்மை முதலில். பாசனக் கிணறு ஒரு முழுமையான பள்ளியாக இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காய்ந்த முருங்கைக் கட்டை. பின்னாளில் லாரி டியூப், காலி பிளாஸ்டிக் கேன். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை படியில் நிற்கும் மாமன் கையிலோ அண்ணன் கையிலோ. மிதவையின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் கழற்றிவிடுவார்கள். நாய் நீச்சல், மல்லாந்த நீச்சல், உள்நீச்சல் என்று வரிசையாக வகுப்பு உண்டு. நீச்சல் வராதவனுக்குக் ‘கடப்பாரை நீச்சல்’ என்று பட்டமும் உண்டு. முங்கிப் போய் அடிமண்ணை அள்ளிவந்து காட்டுவது பொதுத் தேர்வு. இந்தத் தேர்வு பழையது: புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர் நினைத்து ஏங்குவதும், மரக்கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையைத்தான்.

கிணற்றுப் பயிற்சியில் இன்றைய நீச்சல் பள்ளிகளிடம் இல்லாத ஒன்று இருந்தது. எந்த நீரில் பிழைக்க வேண்டுமோ அந்த நீரிலேயே கற்றார்கள். அடி தெரியாத பச்சைத் தண்ணீர், வழுக்கும் படி, பிடிக்கக் கம்பி இல்லாத சுவர், திடீரென்று குளிரும் ஆழம். நீலத் தளம் போட்ட, இடுப்பளவுக் குளத்தில் பழகிய பிள்ளைக்கு இவை எதுவும் அறிமுகமில்லை.

இனி மறதி. கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீந்திக் கரையேறியவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஏறாதவர்கள் சொல்ல வரவில்லை. ஊருக்கு ஒரு கிணறாவது, ‘அதில் இறங்காதே, அது ஆளை வாங்கிய கிணறு’ என்று பெயர் வாங்கியிருந்ததை அதே ஆட்கள் இன்னொரு பேச்சில் சொல்வார்கள். எத்தனை பேர் கற்றார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே இல்லாத முறையைச் சிறந்த முறை என்று நிறுவ முடியாது.

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் இடமும் இல்லை. பெண் குழந்தைகளைப் பத்து வயதுக்குமேல் கிணற்றில் இறங்கவிட்ட ஊர்கள் குறைவு. கிணற்றுக்கு உரிமையாளரும், உரிமையாளருக்குச் சாதியும் இருந்தன. பொதுக் குளத்தில் குடிநீர் எடுக்கவே 1927-இல் மகாதில் அம்பேத்கர் தலைமையில் போராட வேண்டியிருந்த நாடு இது. ஆசை தீர நீரில் குதித்து விளையாட யாருக்கு அனுமதி இருந்தது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். இதற்கு ஒப்பான ஒன்று அமெரிக்காவில் எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. பொது நீச்சல் குளங்களிலிருந்து கறுப்பினத்தவர் விலக்கப்பட்ட வரலாற்றை ஜெஃப் வில்ட்சி 2007-இல் நூலாக எழுதினார். 1999 முதல் 2010 வரையான சாவுகளை ஆராய்ந்த அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம், ஐந்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாவது வெள்ளையினப் பிள்ளைகளைப்போல் 5.5 மடங்கு என்று கண்டது. தாத்தாவை விலக்கிய குளம் பேரனுக்கு நீச்சலை மறுத்தது.

இப்போது அந்தக் கிணறும் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் வந்து நீர்மட்டம் இறங்கியபின் மாநிலத்தின் பல பகுதிகள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது. திறந்த கிணறுகள் பல ஊர்களில் வறண்ட பள்ளங்கள். கற்றுக்கொடுத்த நீர்நிலை போய்விட்டது. கொல்லும் நீர்நிலைகளான மணல் அள்ளிய ஆற்றுக் குழிகள், கைவிட்ட கல்குவாரிகள், தடுப்பணைகள் ஆகியவை பெருகியிருக்கின்றன.

எதை நீச்சல் என்பது

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன சிறுமியரும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவியர் 4 பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். ஒருவர் ஆழத்தில் சிக்க, மற்றவர்கள் காப்பாற்றப் போய்ச் சேர்ந்து மூழ்கும் சங்கிலிச் சாவு என்று இவற்றைச் செய்திகள் விவரித்தன. இறந்தவர்கள் அனைவரும் பெண்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. நீச்சல் ஆண்பிள்ளை விளையாட்டாகவே இருந்துவந்த சமூகத்தில் ஆபத்து யார் பக்கம் குவியும் என்பதற்கு இந்த இரண்டு நாள்களும் சாட்சி.

நீச்சல் பயிற்சியின் உள்ளடக்கம் என்ன என்ற கேள்விக்கு இங்கே அர்த்தம் வருகிறது. ஆய்வாளர்கள் இப்போது ‘நீச்சல் தெரியுமா?’ என்று கேட்பதை விட்டு, பல திறன்கள் சேர்ந்த நீர்த்திறனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்டால்மன், மொரான், குவான், லாங்கெண்டார்ஃபர் ஆகிய நால்வர் 2017-இல் இதைப் பதினைந்து திறன்களாக விரித்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியல் இன்னும் எளியது: தலைக்குமேல் ஆழமுள்ள நீரில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, சுற்றித் திரும்பிக் கரை எங்கே என்று பார்ப்பது, 25 கஜம் நீந்திச் சேர்வது, ஏணியில்லாமல் ஏறுவது. ஆளுயர நீரில் தவறி விழுந்த பிள்ளைக்கு இவை ஐந்தும் அதே வரிசையில் தேவைப்படும். பட்டாம்பூச்சி நீச்சல் தேவைப்படாது.

நெதர்லாந்தில் பிள்ளைகள் வாங்கும் முதல் நீச்சல் சான்றிதழுக்கு, உடுத்திய உடையோடும் காலணியோடும் நீரில் இறங்கித் தேற வேண்டும். கால்வாய்க்குள் விழும் பிள்ளை நீச்சலுடையில் விழாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சுடிதாரும் துப்பட்டாவும் பாவாடையும் நீரில் எப்படிக் காலைச் சுற்றும் என்பதைச் சொல்லித்தராத பயிற்சி தமிழ்நாட்டுச் சிறுமிக்கு அரைப் பயிற்சிதான். உடை என்ற தயக்கத்துக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. வழக்கமான உடையிலேயே, பெண் பயிற்றுநரிடம் கற்கலாம்.

வங்கதேசத் தேர்வின் மூன்றாவது பகுதியான கரையிலிருந்து காப்பாற்றுவது இந்த மாநிலத்துக்கு எல்லாவற்றையும்விட அவசியம். கம்பு நீட்டு, துப்பட்டாவை முறுக்கி வீசு, காலிக் குடத்தை எறி, கத்தி ஆளைக் கூப்பிடு, நீ இறங்காதே. வகுப்பறைத் தரையிலேயே ஒரு மணி நேரத்தில் பழக்கிவிடலாம். கரையேற்றியபின் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் உயிர் போகும் நேரத்தை வீணாக்கும் செயல்கள். மூச்சில்லாவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். இதுவும் அந்த ஒரு மணி நேரப் பாடத்திலேயே சேரும்.

தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும்?

1994-இல் குற்றாலீசுவரன் 12 வயதில் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தபோது மாநிலமே கொண்டாடியது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் எழுந்தது. சாதனைக்கான நீச்சலுக்கு அரசின் கவனம் கிடைத்தது நல்லதே. உயிர்பிழைக்கும் நீச்சல் மட்டும் இன்றுவரை எந்தத் துறையின் பொறுப்பும் அல்ல. பள்ளிப் பாடத்திட்டத்திலும் கட்டாயமில்லை. ஐஸ்லாந்து 1940 முதலே அதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் 25 மீட்டர் நீந்துவதையும் தற்காப்பையும் கேட்கிறது. நீச்சல் குளங்கள் இருந்ததால் அவர்களுக்கு முடிந்தது என்று ஒதுங்க முடியாது. மூங்கில் மேடைக்கு நீச்சல் குளம் தேவைப்படவில்லை.

சிறு பிள்ளைகளுக்கான காவல் தமிழ்நாட்டில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் காலை நேரத்தில்தான் இயங்குகின்றன. முட்டையும் சத்துமாவும் தரும் இடமாக மட்டுமே அவற்றை எடைபோடுகிறோம். வங்கதேசத்து எண்களின் வெளிச்சத்தில் பார்த்தால், குட்டைக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் ஆயாவின் நான்கு மணி நேரம் மருத்துவச் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டிய சேவை. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் காவல் இல்லை என்பது பெரிய ஓட்டை. வீட்டுச் சம்ப்புக்குப் பூட்டுள்ள மூடி, குளியலறை அண்டாவைக் கவிழ்த்து வைப்பது, மழைநீர்ப் பள்ளத்துக்கு வேலி ஆகியவை அந்த வயதில் எந்த நீச்சல் வகுப்பையும்விட அதிகம் காக்கும்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஊராட்சி தோறும் ஒரு குளத்திலோ ஏரி மதகருகிலோ ஆழம் அளந்து அடைத்த ஓர் இடமும், பயிற்சி பெற்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும். 25 மீட்டர், மிதத்தல், கரையிலிருந்து கைகொடுத்தல் ஆகிய மூன்றே பாடங்கள். இதைத் தனியார் நீச்சல் பள்ளிகளிடம் விட்டால் கட்டணம் கட்ட முடிந்த நகரத்துப் பிள்ளைகள் கற்பார்கள். கெடிலத்தில் குளிக்கப் போகும் பிள்ளைகள் கற்கமாட்டார்கள். இந்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் மூழ்கிச் சாவதைத் தடுப்பதற்கான வியூகச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதை ஊர்க் குளத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது மாநிலமும் ஊராட்சியும்தான்.

நம் ஊரில் பிள்ளைகள் மூழ்குவது கோடை விடுமுறையில் அதிகம் என்பது நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் தெரியும். ஜனவரி 26 கிராம சபையில் ஆபத்தான குழிகளின் பட்டியலையும், பயிற்சிக்கு உகந்த ஒரு குளத்தின் பெயரையும் வாசகர்கள் தீர்மானமாக வைக்கலாம். அன்றிலிருந்து பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கிறது.